சிடேட்டாவுக்குள் வந்த &#38;: பிழை பார்சரிலா, கோப்பிலா?

மளிகைக்கணக்கு:
வணக்கம். மளிகைப் பொருள் விநியோகிக்கும் சிறு அலுவலகத்தில் நிரல் எழுதுகிறேன். ஆள் வராத நாளில் பில்லும் போடுகிறேன். மொத்த வியாபாரியின் விலைப்பட்டியல் தினமும் காலை 6 மணிக்கு எக்ஸ்எம்எல் கோப்பாக (ஒவ்வொரு தகவலையும் தொடக்க, மூடும் அடையாளக்குறிகளான டேக்குகளுக்கு நடுவில் எழுதும் வடிவம்) வருகிறது. பைத்தானில் எக்ஸ்பாட் என்ற பார்சரை, அதாவது கோப்பைப் பிரித்துப் படித்துத் தரும் நிரலை, நேரடியாக வைத்துப் படிக்கிறேன். ‘இஞ்சி & பூண்டு விழுது’ என்ற ஒரே பொருள் மூன்று நாளில் மூன்று கோலத்தில் வந்தது.

திங்கள்கிழமை கோப்பில் ‘இஞ்சி &#38; பூண்டு விழுது’ என்று இருந்தது (&#38; என்பது & குறிக்கான எக்ஸ்எம்எல் குறியீடு); திரையில் ‘பூண்டு விழுது’ மட்டும்தான், இஞ்சியைக் காணோம். செவ்வாயன்று சிடேட்டாவுக்குள் (குறியீடு போடாமல் எழுத்தை உள்ளபடியே எழுதும் பகுதி) வெறும் & வைத்திருந்தார்கள்; ஒழுங்காக வந்தது. புதனன்று சிடேட்டாவுக்குள் &#38; என்று இருந்தது; அப்படியே பில்லில் அச்சாகிவிட்டது. கடைக்காரர் போன் செய்து, “விழுது 38 ரூபாய்தானா?” என்று கேட்கிறார்.

எல்லாப் பெயரையும் இன்னொரு முறை டீகோட் செய்துவிடலாம், அதாவது குறியீட்டை எழுத்தாக மாற்றிவிடலாம் என்கிறார் உடன் வேலை செய்பவர். செய்யலாமா?

ஈயஎழுத்து:
செய்யாதீர்கள் தம்பி. இங்கே இருப்பது இரண்டு வெவ்வேறு பிழை. ஒன்று உங்களுடையது, மற்றது அவர்களுடையது. பார்சர் பாவம், அதன் மேல் குற்றமே இல்லை.

திங்கள்கிழமைப் பிழை உங்களுடையது. எக்ஸ்பாட் அந்தப் பெயரை ஒரே துண்டாகத் தராது. ‘இஞ்சி’ ஒரு முறை, ‘&’ ஒரு முறை, ‘பூண்டு விழுது’ ஒரு முறை என்று உங்கள் ஃபங்ஷனை மூன்று தடவை அழைக்கும். நீங்கள் ஒவ்வொரு தடவையும் பழையதை அழித்து எழுதியிருக்கிறீர்கள். கடைசித் துண்டு மட்டும் மிஞ்சியது. துண்டுகளை ஒரு பட்டியலில் சேர்த்து வைத்து, மூடும் டேக் வந்ததும் இணையுங்கள். துண்டுகளைத் தானே சேர்த்துவைக்கும் பஃபர் வசதியை இயக்கினால் போதும் என்று யாராவது சொல்வார்கள். பஃபர் நிரம்பினால் அதுவும் துண்டாகத்தான் தரும்.

புதன்கிழமைப் பிழை அனுப்பியவருடையது. 1998-இல் வந்த எக்ஸ்எம்எல் 1.0 விதிப்படி, சிடேட்டாவுக்குள் நுழைந்துவிட்டால் பார்சர் தேடுவது ]]> என்ற முடிவுக்குறியை மட்டும்தான். அதன் கண்ணுக்கு அங்கே &#38; வெறும் ஐந்து எழுத்து. அதை & ஆக மாற்றித் தருகிற பார்சர் கிடைத்தால் நான் தூக்கி எறிந்துவிடுவேன்.

இரண்டாம் முறை டீகோட் செய்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். வலைப்பக்கம் எழுதக் கற்றுத்தரும் புத்தகம் ஒன்றின் விவரம்: ‘< போட &#60; என்று எழுதவும்’. அனுப்புபவர் அதை முறையாக ‘&#60; போட &#38;#60; என்று எழுதவும்’ என அனுப்புகிறார். ஒரு முறை பிரித்தால் சரியான வாக்கியம் கிடைக்கும். மறுபடி பிரித்தால் ‘< போட < என்று எழுதவும்’. நீங்கள் விற்பது மளிகைதான். ஆனாலும் பழக்கம் பழக்கம்தான்.

இரவுப்பணி:
ஐயா சொல்வது சரி. டாம் வழியாக, அதாவது கோப்பு முழுவதையும் தாய்-பிள்ளை மரமாக மாற்றிப் படிப்பவர்களுக்கு இன்னொன்று: டேக்குக்கு அடுத்த வரியில் சிடேட்டாவைத் தொடங்கினால், முதல் பிள்ளையாக வருவது வெறும் வரிமுறிவு. முதல் பிள்ளையை மட்டும் எடுத்துக்கொண்டு, பெயர் காலியாக இருக்கிறதே என்று நான் ஒரு ராத்திரி முழுக்கத் தேடியிருக்கிறேன். உள்ளே இருக்கும் உரை முழுவதையும் சேர்த்துக் கேளுங்கள்.

ஆனால் நாளைக் காலை 6 மணிக்கும் கோப்பு வருமே? அந்த வியாபாரியின் கோப்புக்கு மட்டும், பெயர்ப் புலத்துக்கு மட்டும், பார்சர் வேலையை முடித்த பிறகு &#38; என்பதை & ஆக மாற்றும் தனி ஃபங்ஷன் ஒன்றை எழுதிக்கொள்ளுங்கள்.

ஈயஎழுத்து:
எழுதட்டும், வயிற்றுப்பாடு. எதற்காக எழுதியது, என்றைக்கு நீக்கலாம் என்று தலையில் ஒரு வரி குறித்து வையுங்கள்.

மளிகைக்கணக்கு:
இஞ்சி திரும்பிவிட்டது, நன்றி ஐயா. வியாபாரியின் அலுவலகத்திலும் பேசினேன். திங்கள்கிழமை நான்தான் “உங்கள் கோப்பில் இஞ்சி இல்லை” என்று புகார் செய்திருந்தேன். அதனால் செவ்வாயன்று சிடேட்டாவுக்கு மாறினார்களாம். புதனன்று, எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டையும் சேர்த்துப் போட்டார்களாம்.