முதல் பேடல் ஆட்டத்தில் கோட்டைவிட்ட கதைகள்

மன்னார்குடி மாப்பிள்ளை:
மூன்று வாரமாகியும் மனத்தை விட்டுப் போகவில்லை, அதனால் எழுதுகிறேன். பேடல் என்றால் கண்ணாடிச் சுவரும் கம்பிவலையும் சூழ்ந்த களத்தில் இருவருக்கு இருவர் ஆடும், டென்னிஸ் மாதிரியான ஆட்டம்; தரையில் ஒருமுறை பட்டுச் சுவரில் மோதித் திரும்பும் பந்தையும் அடிக்கலாம். என் பக்கம் மைத்துனர், எதிரே அவருடைய நண்பர்கள் இருவர். தயாரிப்பு என்று நான்கு நாள் காணொளி பார்த்ததெல்லாம் சர்வீஸுக்காகத்தான். பந்தைத் தரையில் தட்டி, இடுப்புக்கு மேல் போகாமல் அடிக்க வேண்டும். அது நன்றாகவே வந்தது. ஆனால் நான் பள்ளிக்காலம் முழுக்கப் பூப்பந்து ஆடியவன். பந்து தரையைத் தொட்டால் புள்ளி போயிற்று என்பது உடம்பில் ஊறிக் கிடக்கிறது. எதிராளி தலைக்கு மேலே தூக்கி அடித்தார். பின்னால் பந்து விழுந்த சத்தம் கேட்டது. சரி, போயிற்று என்று மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வலையை நோக்கி நடந்தேன். பந்து பின்கண்ணாடியில் பட்டுத் திரும்பி, தாயைத் தேடும் கன்றுக்குட்டி மாதிரி மெதுவாக என் இடுப்பை உரசிக்கொண்டு போய் முன்னால் விழுந்தது. குழந்தைகூட அடித்திருக்கும். மைத்துனர் என்னை ஒன்றும் சொல்லவில்லை. எதிர்ப்பக்கம் பார்த்து, "மாப்பிள்ளைக்குக் கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள்" என்றார்.

குடந்தைவாசி:
எனக்கு மார்கழி. காலை ஆறு மணிக்கு வாடகை குறைவு என்று பதிவு செய்துவிட்டோம். கண்ணாடி முழுக்கப் பனி; தங்கை அதில் விரலால் கோலமே போட்டாள். கண்ணாடியில் பட்டு வருவதை அடிக்க வாரக்கணக்கில் பழகியிருந்தேன். ஈரத்தில் பட்ட பந்து துள்ளாமல் வழுக்கிக் கீழே இறங்கிவிட்டது. நான் வீசியது வெறும் காற்றில். கோலத்தின் நடுவே பந்து பட்ட இடம் மட்டும் துடைத்த வட்டமாகத் தெரிந்தது. அதன் வழியாகக் காவலாளி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பழைய பூப்பந்தாளன்:
மாப்பிள்ளை, பூப்பந்தின் மேல் பழி போடாதீர்கள். 1856-லேயே தஞ்சாவூர் அரச குடும்பத்தார் ஆடியது என்பார்கள். அந்தக் கம்பளிப் பந்தில் பழகிய மணிக்கட்டுதான் பேடலில் வலைக்கருகே கைகொடுக்கிறது. என் கதை சின்னது: எனக்கு வந்த முதல் இரண்டு சர்வீஸையும் தரையில் படும் முன்பே அடித்து, இரண்டு புள்ளிகளைத் தானம் செய்தேன்.

கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன். களம் 20 மீட்டருக்கு 10 மீட்டர். அதில் உங்கள் பங்கு பாதியிலும் பாதி. ஓடாதீர்கள். தலைக்கு மேல் போகும் பந்தை விட்டுவிட்டு, உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, முழங்காலை மடக்கிக் காத்திருங்கள். கம்பிவலையில் பட்டால் எப்படித் திரும்பும் என்று சொல்ல முடியாது. வட்டத் தலை மட்டை வாங்குங்கள்; வைர வடிவம் புதியவருக்கு அடங்காது. செயற்கைப் புல்லில் மணல் தூவியிருப்பார்கள், ஓட்டக் காலணி வழுக்கும். மட்டையின் கயிற்றை மணிக்கட்டில் மாட்டாமல் ஆடவே கூடாது, அதுவும் நம் ஊர் வியர்வையில். சித்திரையில் மாலை ஐந்து மணிக்கு முன் களம் இறங்காதீர்கள். உப்புப் போட்ட நீர்மோர் கொண்டுபோங்கள். 40-40 என்று சமநிலை வந்தால் ஒரே புள்ளியில் முடிவா, அடுத்தடுத்து இரண்டு புள்ளி எடுக்க வேண்டிய அட்வான்டேஜா என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். நாங்கள் பேசாமல் ஆடினோம். சம்பந்தி இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

குடந்தைவாசி:
ஐயா, காத்திருந்துதானே நான் ஏமாந்தேன்? பனி நாளில் உங்கள் முழங்கால் மடக்கல் செல்லாது.

பழைய பூப்பந்தாளன்:
துண்டு எடுத்துப்போய்க் கண்ணாடியைத் துடைத்திருக்கலாமே.

மன்னார்குடி மாப்பிள்ளை:
நேற்று மாமியார் வீட்டில் விருந்து. இலையில் இன்னும் உப்புகூட வைக்கவில்லை, மைத்துனர் ஒரு சொம்புத் தண்ணீரை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.