டார்ச் சாங்: ‘ஆற்றாமைப் பாட்டு’ எனலாமா?

வணக்கம்.

அமெரிக்க நகைச்சுவைக் கலைஞரும் பாடகியுமான ஃபேனி பிரைஸ் பற்றிய கட்டுரைக்காக, ‘டார்ச் சாங்’ (காதலின் வேதனையைப் பாடும் பாட்டு) என்பதற்குத் தமிழ்ச்சொல் கேட்டிருந்தேன். வந்த பரிந்துரைகளை அவருடைய பாட்டோடு வைத்துப் பார்த்தேன்.

‘தீப்பந்தப் பாடல்’ வேண்டாம். கைகூடாத காதலை விடாமல் சுமப்பதைப் பந்தம் ஏந்துவதாக ஆங்கிலத்தில் சொல்வார்கள். நமக்கோ தீப்பந்தம் என்றதும் ஊர்வலமும் போராட்டமும்தான் நினைவுக்கு வரும்.

‘கைக்கிளைப் பாட்டு’, அதாவது ஒருதலைக் காதல் பாட்டு, என்று ஐயா ஒருவர் சொன்னது எனக்கும் முதலில் பிடித்திருந்தது. தொல்காப்பியம் ஆணின் ஒருதலைக் காமத்தைத்தான் சொல்கிறது என்றாலும், புறப்பொருள் வெண்பாமாலையில் பெண்பாற் கைக்கிளை உண்டு. மன்னனை ஒருதலையாகக் காதலிக்கும் முத்தொள்ளாயிரத்துப் பெண்களும் இருக்கிறார்கள். இடிக்கிற இடம் வேறு. பிரைஸுக்குப் பெயர் வாங்கித் தந்த ‘மை மேன்’ பாட்டில் அவன் அவளோடுதான் இருக்கிறான். உண்மையாக இல்லை, அடிக்கவும் செய்கிறான்; அவளால்தான் விட முடியவில்லை. இது ஒருதலைக் காதல் அல்ல. குறளின் ‘பிரிவாற்றாமை’யும் இதே காரணத்தால் முழுதாகப் பொருந்தாது, ஏனென்றால் இங்கே பிரிவே இல்லை. ஆனால் அதில் ‘பிரிவு’ போனால் மிஞ்சுவது ஆற்றாமை. அதுதான் நமக்கு வேண்டியது!

1921இல் பிரைஸ் ‘மை மேன்’ பாடிய சூழலை நினைத்துப் பாருங்கள். நியூயார்க்கில் 1891இல் பிறந்த யூதப் பெண். இயற்பெயர் ஃபேனியா போரக். வீட்டில் பேசாத யிட்டிஷின் (ஐரோப்பிய யூதர்களின் மொழி) சாயலை மேடைக்காகக் கற்று, அந்த உச்சரிப்பில் பாடிச் சிரிக்க வைத்தவர். 1910 முதல் சீக்ஃபெல்ட் ஃபாலீஸ் என்ற நியூயார்க் மேடை நிகழ்ச்சியில் அவரைக் கண்டாலே ஜனங்கள் சிரிக்கத் தயாராகிவிடுவார்கள். அவர்கள் முன்னால் தெருவிளக்குக் கம்பத்தில் சாய்ந்துகொண்டு, சேட்டை எதுவும் இல்லாமல், பிரெஞ்சிலிருந்து வந்த இந்தப் பாட்டைப் பாடினார். அவருடைய கணவர் நிக்கி ஆர்ன்ஸ்டீன் அப்போது பங்குப்பத்திரத் திருட்டு வழக்கில் சிக்கியிருந்தது ஊருக்கே தெரியும். பின்னால் ஆர்ன்ஸ்டீன் லெவன்வொர்த் சிறைக்கும் போனார். விவாகரத்து நடந்தது 1927இல்தான். பாட்டில் இருப்பவள் யார் என்று அரங்கில் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஆற்றாமை என்றால் இன்று எரிச்சல், இயலாமை என்றும் பொருள் வருமே என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் ‘மனசு ஆறவே இல்லை’ என்று இன்றும் பேசுகிறோம், அந்த உணர்வுக்குப் பக்கத்தில் வருவதுதான் இது. பக்கத்தில் ‘பாட்டு’ வந்துவிட்டால் குழப்பம் குறையும் என்று நினைக்கிறேன்.

சொல்லைப் பாட்டுக்கு மட்டும் வைத்துக்கொள்வோம். அமெரிக்கப் பாடகி லிபி ஹோல்மனை ‘ஆற்றாமைப் பாடகி’ என்றால் ஓரளவு பொருந்தும். 1929இல் அவரை உயர்த்தியது அந்த வகைப் பாட்டுதான். பிரைஸை அப்படிச் சொன்னால் பெரிய அநியாயம். அவர் முதலில் நகைச்சுவைக் கலைஞர். 1951இல் சாகும்வரை வானொலியில் ‘பேபி ஸ்னூக்ஸ்’ என்ற குறும்புக் குழந்தையாகப் பேசிக்கொண்டிருந்தவர். கட்டுரையில் இப்படி எழுதியிருக்கிறேன்: “நகைச்சுவைப் பாட்டுகளால் புகழ்பெற்ற பிரைஸ், ‘மை மேன்’ என்ற ஆற்றாமைப் பாட்டாலும் நினைவுகூரப்படுகிறார்.”

அப்புறம், கட்டுரைக்கு வேண்டிய இன்னொரு சொல் ‘வோட்வில்’. பாட்டு, ஆட்டம், வித்தை, நகைச்சுவை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வரும் மேடை அது. ‘பல்சுவை மேடை’ போதும், புதிதாக ஆக்க வேண்டாம். ஆனால் ஃபாலீஸுக்கு அதே சொல்லைப் போடாதீர்கள். அது நியூயார்க் நாடக அரங்குகளான பிராட்வேயின் ‘ரெவ்யூ’ வகை, பாட்டும் ஆட்டமும் நகைச்சுவைக் காட்சிகளும் ஒரே தயாரிப்பாகக் கோக்கப்பட்டது. அதற்கு இன்னும் சொல் கிடைக்கவில்லை. யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.