அம்மா வாங்கி வந்த ஆமை: குளத்தில் விடலாமா?

கேள்வி: ரங்கூன்வாசி

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் அவசரம்.

தம்பிக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் சித்திரை முதல் தேதி ஓர் உயிரை விடுதலை செய்வதாக அம்மா வேண்டியிருந்தார். இங்கே பர்மியர்கள் திஞ்சான் தண்ணீர்த் திருவிழாவுக்கு மீன் விடுவார்கள். நமக்கும் அந்த நாட்களில்தானே வருடப் பிறப்பு, எங்கள் தெருத் தமிழர்களும் சேர்ந்து விடுவது வழக்கம். நேற்றுக் காலை மீன் வாங்கச் சந்தைக்குப் போன அம்மா ஆமையோடு வந்து நிற்கிறார். கறிக்காகக் கட்டி வைத்திருந்தார்களாம், பார்த்ததும் மனசு கேட்கவில்லையாம்.

சாப்பாட்டுத் தட்டு நீளம் இருக்கும். மஞ்சள் ஓடு, கட்டத்துக்குக் கட்டம் கறுப்புத் திட்டு. முன்காலில் கயிறு அறுத்த தழும்பு. துணி துவைக்கும் தொட்டியில் தண்ணீர் நிரப்பி விட்டிருக்கிறோம். ராத்திரி முழுக்கக் கழுத்தை மேலே நீட்டிக்கொண்டு தொட்டி விளிம்பைப் பிறாண்டிக்கொண்டே இருந்தது. மீன் தீனி போட்டோம், மோந்துகூடப் பார்க்கவில்லை. மூக்கைச் சுற்றியும் கண்ணைச் சுற்றியும் ரோஸ் நிறமாக இருக்கிறது.

பெரியம்மா வந்து பார்த்துவிட்டு, "ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது, இன்றைக்கே வெளியே அனுப்பு" என்கிறார். அம்மா பக்கத்துப் பகோடா (புத்தர் கோயில்) குளத்தில் விடலாம் என்கிறார். தம்பி ஓட்டின் மேல் பெயிண்டால் தேதி எழுத வேண்டும் என்கிறான். குளத்தில் விட்டால் பிழைக்குமா? அந்த ரோஸ் நிறம் நோயா?


பதில்: மோல்மீன் டீச்சர்

தம்பி, மீதியை அப்புறம் படியுங்கள். முதலில் அதைத் தண்ணீரிலிருந்து எடுங்கள். இப்போதே.

எடுத்தாயிற்றா? சரி. இப்போது காலைப் பாருங்கள். தூண் மாதிரி உருண்டையாக, யானைக்குட்டியின் காலைப் போல இருக்கிறதா? அப்படியானால் அது தரையில் வாழும் ஆமை. நீரில் வாழ்வதற்கு வாத்துக் கால் போல விரல்களுக்கு நடுவே சவ்வு இருக்கும். நம் மொழியில் இரண்டுக்கும் ஆமை என்று ஒரே பெயர் இருப்பதால் எல்லா ஆமையும் நீந்தும் என்று நினைத்துவிடுகிறோம். ராத்திரி முழுக்க அது பிறாண்டியது மூழ்காமல் இருக்கத்தான்.

கோபமாகச் சொல்வதாக நினைக்க வேண்டாம். இதே காரியத்தை எங்கள் வீட்டிலும் செய்திருக்கிறோம். எனக்குப் பத்து வயது. அப்பா இதே மஞ்சள் ஆமையை வாங்கி, மாலை போட்டு, கோயில் குளத்தில் விட்டார். நாங்கள் எல்லோரும் கைதட்டினோம். மூன்றாம் நாள் அது கரையோரம் மிதந்தது. குளத்தின் நாலு பக்கமும் செங்குத்தான படிக்கட்டு, அதனால் ஏற முடிந்திருக்காது. வயதாகித்தான் செத்தது என்று அப்பா கடைசி வரை நம்பினார். நான் விலங்கியல் படித்த பிறகும் அவரிடம் உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை.

நீங்கள் சொல்லும் அடையாளத்தை வைத்துப் பார்த்தால் இது நீள ஓட்டு ஆமை. இந்தியாவின் வடகிழக்கிலிருந்து பர்மா, தாய்லாந்து வழியாக மலேசியா வரை காட்டில் வாழ்வது. இலை, பழம், காளான், மண்புழு, நத்தை எல்லாம் தின்னும். வாழைப்பழமும் கீரையும் வையுங்கள். மூழ்காத அளவுக்கு ஒரு தட்டில் தண்ணீர், ஓரத்தில் நிழல், அது போதும்.

ரோஸ் நிறம் நோய் இல்லை! இனச்சேர்க்கைக் காலம் வந்தால் இந்த ஆமைக்கு, ஆண் பெண் இரண்டுக்குமே, மூக்கும் கண்ணோரமும் இப்படிச் சிவக்கும். உங்கள் தொட்டியில் உட்கார்ந்திருப்பது ஜோடி தேட வேண்டிய நேரத்தில் பிடிபட்ட ஜீவன். மூக்கிலிருந்து சளி ஒழுகினால் மட்டும்தான் கவலைப்பட வேண்டும், அப்போது கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

பெயிண்ட் வேண்டவே வேண்டாம் என்று தம்பியிடம் சொல்லுங்கள். ஓடு அது போட்டுக்கொண்ட சட்டை இல்லை. முதுகெலும்பும் விலா எலும்புகளும் விரிந்து ஒட்டித்தான் அந்த ஓடு ஆகிறது. தொட்டால் அதற்குத் தெரியும். நமக்கெல்லாம் தோள்பட்டை எலும்பு விலாக்கூட்டுக்கு வெளியே இருக்கிறது, ஆமைக்கு உள்ளே. முதுகெலும்புள்ள வேறு எந்தப் பிராணிக்கும் இப்படி ஓர் அமைப்பு கிடையாது. இருபது வருடம் பாடம் எடுத்தேன், அந்தப் படத்தைப் பலகையில் வரையும் ஒவ்வொரு தடவையும் எனக்கே ஆச்சரியமாக இருக்கும்.


பதில்: மண்டலே மணி

டீச்சர் சொன்னது சரி, தரை ஆமையைக் குளத்தில் விடக்கூடாது. ஆனால் பகோடா குளமே கெட்டது என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். நான் மண்டலேயில் பிறந்து வளர்ந்தவன், அதனால் சொல்கிறேன்.

பர்மியக் கூரை ஆமை என்று ஒன்று உண்டு, நீர் ஆமை. உலகத்தில் பர்மாவைத் தவிர வேறெங்கும் கிடையாது. 19ஆம் நூற்றாண்டில் ஐராவதி ஆற்றில் ஏராளமாக இருந்தது. முட்டைகளைத் தோண்டித் தின்றே தீர்த்துவிட்டோம், மீன்வலையும் தங்கம் எடுக்கத் தோண்டும் இயந்திரங்களும் மீதியைப் பார்த்துக்கொண்டன. பல பத்தாண்டுகள் கண்ணில் படாமல், இனமே அழிந்துவிட்டது என்றுதான் நினைத்தார்கள். 2001இல்தான் இன்னும் இருக்கிறது என்று தெரியவந்தது. கொஞ்ச காலத்திலேயே எங்கள் ஊர்ப் பகோடா குளம் ஒன்றில் உயிரோடு மூன்று இருந்ததைக் கண்டுபிடித்தார்கள். புண்ணியத்துக்காக யாரோ விட்டவை!

இங்கே யதனாபோன் மிருகக்காட்சி சாலையில் போய்ப் பாருங்கள். வாய்க்கோடு மேலே வளைந்து எப்போதும் புன்னகைப்பது போலவே இருக்கும். பெண் பெரியது. ஆணின் தலை இனச்சேர்க்கைக் காலத்தில் பச்சையும் மஞ்சளுமாகப் பளபளக்கும், கறுப்புக் கோடுகளோடு. சின்ட்வின் ஆற்று மணல்திட்டுகளில் மிச்சமிருக்கும் சில பெண் ஆமைகள் இடும் முட்டைகளைக் கிராமத்து ஆட்களே காவல் காத்து எடுத்துக் கொடுக்கிறார்கள். அவற்றைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்த்ததில் இப்போது ஆயிரம் அளவுக்கு வந்துவிட்டது. ஆற்றில் முட்டையிடும் பெண்களை மட்டும் இன்னும் விரல்விட்டு எண்ணிவிடலாம்.


பதில்: மோல்மீன் டீச்சர்

மணி அண்ணே, அந்த மூன்றும் பிழைத்தது பெரிய பாக்கியம், மறுக்கவில்லை. ஆனால் முட்டையிட மணல் இல்லாத குளத்தில் இன்னும் எத்தனை வருடம் இருந்தாலும் அந்த மூன்று மூன்றாகவேதான் இருந்திருக்கும். அமெரிக்காவிலிருந்து வந்த சிவப்புக் காது ஆமையையும் பலர் வாங்கிக் குளத்தில் விட்டுவிடுகிறார்கள், அது நம் ஊர் ஆமையின் இரையையும் வெயில் காயும் இடத்தையும் பிடுங்கிக்கொள்கிறது.

தம்பி, உங்கள் அம்மாவிடம் மெதுவாக ஒன்று சொல்லுங்கள். அவர் கொடுத்த காசில் அந்தக் கடைக்காரர் இன்னோர் ஆமைக்குச் சொல்லி வைத்திருப்பார். அம்மாவின் இரக்கத்தில் குறை இல்லை. ஆனால் இந்த இனம் ஒரு தடவைக்குச் சில முட்டைகளே இடும், பெரிதாகப் பல வருடம் ஆகும். காட்டிலிருந்து ஒரு பெண் போனால் அந்த இடம் லேசில் நிரம்பாது. உலக அளவில் அழிவின் விளிம்பில் இருப்பவற்றின் பட்டியலில் இதுவும் இருக்கிறது.

நீங்களாகவே காட்டில் கொண்டுபோய் விடவும் வேண்டாம். எந்தக் காட்டிலிருந்து வந்தது என்று தெரியாது, சந்தையில் மற்ற ஆமைகளிடமிருந்து நோய் ஒட்டியிருக்கலாம். வனத்துறையிடம் ஒப்படையுங்கள். 2018இல் வந்த பல்லுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, வீட்டில் வைத்துக்கொள்வதும் சிக்கல்தான்.

கொடுத்தால் என்ன ஆகும் என்ற சந்தேகம் வரும். பர்மிய நட்சத்திர ஆமையைப் பாருங்கள். நம் நடுப் பர்மாவின் வறண்ட காட்டுக்கே உரியது, ஓட்டில் நட்சத்திரம் நட்சத்திரமாகக் கோடு. 2000களின் தொடக்கத்தில் காட்டில் அநேகமாக ஒன்றும் மிஞ்சவில்லை. 2004இல் சுமார் 175 ஆமைகளை வைத்து வளர்க்கத் தொடங்கினார்கள். அவற்றில் பெரும்பாலானவை கடத்தல்காரர்களிடமிருந்து பறிமுதல் செய்தவை. லோகநந்தா, மின்சோன்டாங், ஷ்வே செட்டோ சரணாலயங்களில் அவை பெருகிப் பதினாலாயிரத்தைத் தாண்டின. காட்டிலும் மறுபடி விட்டிருக்கிறார்கள்.


பதில்: ரங்கூன்வாசி

டீச்சரம்மா, உங்கள் முதல் வரியைப் படித்த உடனே ஓடிப்போய் எடுத்துவிட்டேன். யானைக் காலேதான். மாடிப்படிக்குக் கீழே சாக்கு விரித்து வைத்திருக்கிறோம். ஒரு மணி நேரம் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு அசையவே இல்லை, பயந்துவிட்டோம். அப்புறம் வாழைப்பழத்தைத் தோலோடு தின்றது. மூக்கில் சளி இல்லை.

உங்கள் அப்பா கதையை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "நான் வேண்டியது குளத்தை இல்லையே, அதன் உயிரைத்தானே" என்றார். வனத்துறையில் வேலை பார்க்கும் ஒரு பர்மிய நண்பனிடம் பேசியாயிற்று, நாளைக் காலை வந்து எடுத்துக்கொள்கிறான். பெரியம்மா மட்டும் வாசலைத் தாண்டி இன்னும் உள்ளே வரவில்லை.

கொண்டுபோகும் வழியில் ஈரச் சாக்கு போடலாமா, காய்ந்த வைக்கோல் போதுமா? அதை மட்டும் சொல்லுங்கள்.


பதில்: மோல்மீன் டீச்சர்

காய்ந்த வைக்கோலே போதும். காற்றோட்டமுள்ள மரப்பெட்டி, வெயில் படாமல். கவிழ்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். அம்மாவுக்கு என் வணக்கம். தம்பி உடம்பு இப்போது எப்படி இருக்கிறது?