கோல்கீப்பர் கேப்டனாக இருந்தால் ரெஃப்ரியிடம் போய்ப் பேசுவது யார்?

அம்மாப்பேட்டை லெஃப்ட் பேக்

எங்கள் ஃபுட்பால் டீமில் கோலிதான் (கோல்கீப்பர்) கேப்டன். சேலத்துக்குப் பக்கத்தில் பதினொரு பேர் ஆடுகிற ஒரு லெவன்ஸ் டோர்னமெண்ட் (பேர் வேண்டாம்), செகண்ட் ஹாஃபில் எதிர் டீம் பெனால்டி பாக்ஸுக்குள் எங்கள் ஸ்ட்ரைக்கரை முதுகில் கை வைத்துத் தள்ளிவிட்டார்கள், விசில் வரவில்லை, பந்து வெளியே போனதும் எங்கள் கோலி அந்த முனையிலிருந்து ஓடிவந்து "சார், நான் கேப்டன், ஒரு நிமிஷம்" என்று வாயைத் திறப்பதற்குள் ரெஃப்ரி மஞ்சள் கார்டை நீட்டிவிட்டார். "உன் இடம் கோல் போஸ்ட், இங்க எதுக்கு வந்தே?" என்று கேள்வி வேறு. சரி என்று பக்கத்திலேயே நின்ற நான் கேட்டால், "நீ கேப்டனா?" என்கிறார். டாஸ் போடும்போது "கேப்டன் மட்டும்தான் என்கிட்ட பேசணும்" என்று கறாராகச் சொன்னதும் இதே மனிதர்தான்.

அப்படியானால் கோலியைக் கேப்டன் ஆக்கிய டீம் வாயை மூடிக்கொண்டு ஆட வேண்டியதுதானா? சட்டத்தில் இதற்கு ஏதாவது வழி இருக்கிறதா? ரெஃப்ரியைத் திட்டித் தீர்க்க இதைப் போடவில்லை, அடுத்த டோர்னமெண்ட் பக்கத்தில் வந்துவிட்டது, அதனால்தான் கேட்கிறேன்.

விசில் அண்ணாச்சி

தம்பி, வழி இருக்கிறது, அது டாஸ் போடும் அந்த ரெண்டு நிமிஷத்திலேயே முடிந்துவிடுகிற வேலை.

முதலில் ஒன்று. கேப்டனுக்குத் தனிச் சலுகை எதுவும் கிடையாது என்று ஃபுட்பால் சட்டப் புத்தகத்தின் மூன்றாவது சட்டம் நேராகவே சொல்கிறது. டீமின் நடத்தைக்கு ஓரளவு பொறுப்பு, அவ்வளவுதான். கேப்டன் என்றால் எப்போது வேண்டுமானாலும் வந்து நியாயம் கேட்கலாம் என்று பசங்கள் நினைக்கிறார்கள், கையில் கேப்டன் பட்டை கட்டியவன் கத்தினாலும் அது மஞ்சள் கார்டுதான்.

நீங்கள் சொல்கிற "கேப்டன் மட்டும்" முறையைப் பெரிய அளவில் கொண்டுவந்தது ஐரோப்பிய ஃபுட்பால் சங்கம், 2024 யூரோ கோப்பையில். அப்போதே இந்தச் சிக்கல் வரும் என்று தெரிந்துதான், கேப்டன் கோலியாக இருந்தால், எதிர் முனையில் ஏதாவது நடக்கும்போது ரெஃப்ரியிடம் வருவதற்கு ஃபீல்டில் ஆடுகிற ஒருவரை டீம் நியமிக்க வேண்டும் என்று சேர்த்தே சொன்னார்கள். இத்தாலிக்கு டோனருமா, ஸ்லோவேனியாவுக்கு ஓப்லாக் என்று கோலி கேப்டன்கள் அந்தக் கோப்பையிலேயே இருந்தார்கள். அதற்கடுத்து உலகச் சட்டப் புத்தகத்தின் 2025-26 பதிப்பிலும் இது வழிகாட்டுதலாக ஏறிவிட்டது. ஆனால் இதைக் கையில் எடுப்பதும் விடுவதும் டோர்னமெண்ட் நடத்துகிறவர்கள் விருப்பம். நம் ஊரில் பாதி பேர் முதல் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு "கேப்டன் மட்டும்" என்று அறிவித்துவிடுகிறார்கள், கோலி விஷயத்தை விட்டுவிடுகிறார்கள். உங்களுக்கு நடந்தது அதுதான் என்று நினைக்கிறேன்.

நான் டாஸுக்குப் போனதும் முதலில் கையைப் பார்ப்பேன். ஒருவன் கிளவுஸைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு கை கொடுத்தால், நாணயத்தைச் சுண்டும் முன்பே "ஃபீல்டுல யாருப்பா பேசுவாங்க, நம்பர் சொல்லு" என்று கேட்டு, கார்டின் பின்பக்கம் எழுதி, ரெண்டு லைன்ஸ்மேனுக்கும் எதிர் கேப்டனுக்கும் சொல்லிவிடுவேன். ரெஃப்ரி கேட்கவில்லையா, நீங்களே சொல்லுங்கள். தப்பே இல்லை. நம்பர் கொடுக்கும்போது டீமிலேயே கோபக்காரனைக் கொடுக்காதீர்கள், நடுவில் ஆடுகிற, மூச்சு வாங்காமல் பேசத் தெரிந்த பையனாகப் பாருங்கள்.

கோலி ஓடி வருவதை ரெஃப்ரிகள் ஏன் விரும்புவதில்லை தெரியுமா? அறுபது எழுபது மீட்டர் ஓடி வருகிறவன் வந்து சேரும்போதே சத்தமாகத்தான் பேசுவான், அவன் ஓடுவதைப் பார்த்து இன்னும் நாலு பேர் கூட ஓடி வருவார்கள், வெளியே உட்கார்ந்திருக்கிற ஊரே எழுந்து நிற்கும். இன்னொன்று உங்களுக்கே ஆபத்து. எல்லா ஃப்ரீ கிக்குக்கும் ரெஃப்ரி விசிலுக்குக் காத்திருக்கத் தேவையில்லை, எதிர் டீம் சட்டென்று எடுத்துவிடலாம். கோல் காலியாகக் கிடந்தால் அது யார் தப்பு?

ஆனால் தன் பாக்ஸுக்குள் கோலி கேப்டன் எனக்குத் தங்கம். கார்னருக்கு முன்னால் சட்டையைப் பிடித்து இழுக்கிறார்கள், நான் அவனிடம் போய் "உன் ஸ்டாப்பர் (நடுவில் நிற்கிற டிஃபெண்டர்) கையை எடுக்கலேன்னா அடுத்தது பெனால்டி" என்று மெதுவாகச் சொன்னால் போதும், அவன் கத்துகிற கத்தலில் ரெண்டு பேரும் கையை எடுத்துவிடுவார்கள். என் விசிலுக்கு அந்த மரியாதை கிடைக்காது.

கொண்டலாம்பட்டி பழைய கோலி

அண்ணாச்சி சொல்வது சட்டப்படி சரி, அதை மறுக்கவில்லை. ஆனால் "உன் இடம் கோல் போஸ்ட்" என்று ஒரு கேப்டனிடம் பேசுவது என்ன முறை? 1982இல் இத்தாலிக்கு 40 வயதில் உலகக் கோப்பையைத் தூக்கிய ஸோஃப், 2010இல் ஸ்பெயினின் கஸியஸ், 2018இல் பிரான்ஸின் யோரிஸ், எல்லாம் கோலிகள்தானே. கிரவுண்டு முழுவதையும் முகத்துக்கு நேராகப் பார்த்துக்கொண்டு நிற்கிற ஆள் அவன் ஒருவன்தான். அவனை வாய் பேசாத தூணாக ஆக்கிவிட்டு, மாற்று ஆள் என்று ஒரு மிட்ஃபீல்டரைக் கொண்டுவந்தால், டீமுக்கு ரெண்டு அரைக் கேப்டன்தான் மிச்சம்.

அதுவும் போகட்டும், கோலிக்கு மிக அருகிலேயே நடந்தாலும் என்ன ஆகிவிடுகிறது? 2024 ஜூன் 11, தோஹாவில் கத்தாரோடு இந்தியாவுக்கு உலகக் கோப்பைத் தகுதி மேட்ச். சுனில் சேத்ரி ஓய்வு பெற்றதும் கேப்டன் பட்டை நம் கோலி குர்பிரீத்துக்கு வந்த முதல் ஆட்டம். சாங்டே கோலில் நாம் முன்னால் இருக்கிறோம். 73ஆவது நிமிஷத்தில் பந்து கோட்டைத் தாண்டி வெளியே போய்விட்டது, கத்தார் ஆள் அதை உள்ளே இழுத்து விட, இன்னொருவன் அடித்தான், கோல் என்று கொடுத்தார்கள். கேப்டன் அந்த இடத்திலேயே இருக்கிறார், எல்லோரும் கேட்டார்கள், வீடியோ ரெஃப்ரி அந்த மேட்ச்சுக்குக் கிடையாது, முடிவு மாறவில்லை. 2-1 என்று தோற்று வெளியே. இன்னும் அதை நினைத்தால் எரிகிறது.

அதனால் தம்பி, என் யோசனை வேறு. பட்டையை ஸ்டாப்பருக்குக் கட்டிவிட்டு கோலியை நிம்மதியாக விடுங்கள். பட்டை இல்லாவிட்டாலும் பின்னால் இருந்து கத்துகிறவன் அவன்தான், அதற்கு யார் அனுமதியும் வேண்டாம். இப்போது கோலி பந்தைக் கையில் 8 விநாடிதான் வைத்திருக்கலாம் என்ற விதி வேறு வந்துவிட்டது. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு "மேல ஏறு, மேல ஏறு" என்று கேப்டன் வேலை பார்த்துக்கொண்டு நின்றால், ரெஃப்ரி கையைத் தூக்கிக் கடைசி 5 விநாடியை விரல் விட்டு எண்ணுவார், முடிந்தால் எதிரணிக்குக் கார்னர்.

ஏற்காடு காப்பிக்காடு

கீழே உங்களுக்கு வெயில்தான் பிரச்சனை. மேலே எங்களுக்குப் பனிமூட்டம். டிசம்பரில் நாலு மணிக்கு மேல் ஆடினால், ஹாஃப் லைனில் இருந்து ரெண்டு கோலும் தெரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் இங்கே ரெஃப்ரிகள் ஆட்டத்தைத் தொடர விடுவார்கள். தெரியவில்லையென்றால் நிறுத்திவிட்டு டீக்கடைப் பக்கம் காத்திருக்க வேண்டியதுதான். ஒருமுறை எங்கள் கோலி கேப்டன், மறுமுனையில் எங்களுக்குப் பெனால்டி கிடைத்ததே தெரியாமல் கம்பத்தில் சாய்ந்து கிளவுஸைத் துடைத்துக்கொண்டு நின்றான். இந்த லட்சணத்தில் அவன் போய் ரெஃப்ரியிடம் என்ன பேசுவது? அந்த நாளிலிருந்து எங்கள் எஸ்டேட் டீமில் அண்ணாச்சி சொன்ன மாதிரி ஒரு மிட்ஃபீல்டர் நம்பரைக் கொடுத்துவிடுகிறோம். விதிப் புத்தகம் பார்த்துச் செய்ததில்லை, வேறு வழியில்லாமல் செய்தது. கோலியிடம் இருந்து பட்டையைப் பிடுங்கவும் இல்லை. அவனுக்கு அது பிடிக்கும், இருக்கட்டுமே.

இன்னொன்று, பட்டையைப் பார்த்துக் கட்டுங்கள். முழுக்கை ஜெர்சியில் எலாஸ்டிக் நிற்காது, ஒரு டைவ் அடித்தால் மணிக்கட்டுக்கு வந்துவிடும், கிளவுஸ் போட்ட கையால் திரும்ப மேலே ஏற்றவும் முடியாது. பட்டை கட்டியே ஆக வேண்டும் என்று இப்போது சட்டத்திலேயே இருக்கிறது. மேலேயும் கீழேயும் டேப் ஒட்டிவிடுங்கள்.

அம்மாப்பேட்டை லெஃப்ட் பேக்

எல்லோருக்கும் நன்றிங்க. பழைய கோலி அண்ணன் கோவிச்சுக்காதீங்க, கேப்டனை மாற்றினால் எங்கள் டீமே ரெண்டாகிவிடும், அதனால் நம்பர் கொடுக்கிற வழிதான். ஒரே ஒரு சந்தேகம் அண்ணாச்சி, மேட்ச் டிரா ஆகி பெனால்டி ஷூட்அவுட் வந்தால்? அப்போது டாஸுக்கும் அந்த மாற்று ஆள்தான் வரணுமா?

விசில் அண்ணாச்சி

டாஸுக்குக் கேப்டனே வரலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். ரெண்டு முறை சுண்டுவோம், முதலாவது எந்தக் கோல் என்பதற்கு, அடுத்தது யார் முதலில் அடிப்பது என்பதற்கு.

சிக்கல் அதற்கப்புறம்தான். மற்ற எல்லோரும் நடு வட்டத்துக்குள் நிற்பார்கள். உங்கள் ஆள் அடிக்கும்போது உங்கள் கோலி பாக்ஸுக்கு வெளியே, கோல் கோடும் பாக்ஸ் கோடும் சேருகிற இடத்தில் லைன்ஸ்மேன் பக்கம் தனியாக நிற்க வேண்டும். அங்கிருந்து "அடுத்து நீ போ" என்று வட்டத்தைப் பார்த்துக் கையசைத்துக்கொண்டிருந்தால் எனக்குப் பிடிக்காது, அவனுக்கும் அடுத்த ஷாட்டில் கவனம் போய்விடும். அதனால் யார் யார், எந்த வரிசையில் என்று டாஸுக்குப் போகும் முன்பே அவனை வைத்து முடிவு பண்ணிவிடுங்கள். வரிசையை என்னிடம் எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை, வட்டத்துக்குள் யாராவது ஒருத்தர் மனசில் வைத்திருந்தால் போதும். கோலியிடம் இன்னொன்றும் சொல்லி வையுங்கள், அடிக்கிறவனைக் குழப்ப கம்பத்தைத் தட்டுவது, வலையை ஆட்டுவது எல்லாம் 2023க்குப் பிறகு செல்லாது. ஏற்கெனவே ஒரு மஞ்சள் வாங்கியிருந்தால் ஷூட்அவுட்டுக்கு அது சேராது, ஆனால் ஷூட்அவுட்டுக்குள்ளேயே ரெண்டு வாங்கினால் வெளியேதான்.