மறு: ரயில் பெற்ற ஊருக்குத் தமிழில் என்ன பெயர்?

குழுமத்தாருக்கு வணக்கம்.

ரயில் பாதை வந்ததால் பிறந்த ஊரை ஆங்கிலத்தில் "ரெயில்ரோடு டவுன்" என்கிறார்கள். அதற்கும் "கான்ட்ராபேண்டு கேம்ப்" என்பதற்கும் தமிழ்ச் சொல் கேட்டு நான் போட்ட மடலுக்கு இத்தனை மறுமொழிகள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. எல்லோருக்கும் நன்றி.

> "ரயில் நகரம்" என்றே போட்டுவிடலாமே. யாருக்கும் புரியும்.

புரியும் ஐயா, ஆனால் வேறு மாதிரி புரியும். ரயில் நகரம் என்றால் ரயில்கள் நிறைய வந்துபோகிற நகரம் என்றுதான் நினைப்போம். அப்படிப் பார்த்தால் மதுரையும் ரயில் நகரம்தான். ஆனால் மதுரை இருந்தது, ரயில் பிறகு வந்தது. நான் மொழிபெயர்க்கும் கட்டுரையில் வருகிற ஊர் அதற்கு நேர்மாறு. அமெரிக்காவில் மிசிசிப்பி மாநிலத்தின் வடகிழக்கு மூலையில் இருக்கும் காரிந்த். சிக்கசா பழங்குடிகள் 1832 ஒப்பந்தத்தில் கைவிட நேர்ந்த நிலம் அது. 1850களில் இரண்டு ரயில் கம்பெனிகள் அந்த வழியாகப் பாதை போட்டன. மொபைல் அண்டு ஒகையோ தெற்கு வடக்காக, மெம்ஃபிஸ் அண்டு சார்ல்ஸ்டன் கிழக்கு மேற்காக. இரண்டும் எங்கே வெட்டிக்கொள்ளும் என்று தெரிந்ததும் அந்த இடத்தில் 1853-இல் ஊரை நிறுவினார்கள். முதலில் வைத்த பெயரே "கிராஸ் சிட்டி", அதாவது குறுக்குப் பாதை ஊர். அப்புறம் உள்ளூர்ப் பத்திரிகை ஆசிரியர் ஒருவர், கிரேக்கத்திலும் இப்படி வழிகள் கூடுகிற இடத்தில் ஒரு நகரம் இருந்ததே என்று சொல்லி அந்தப் பெயரை வைக்கச் சொன்னார். நம் வேதாகமத்தில் கொரிந்து என்று வருவது அந்தக் கிரேக்க நகரம்தான்.

ஆக, இந்த ஊருக்கு ஆறு, கோட்டை, கோயில் எதுவும் காரணமில்லை. இரண்டு தண்டவாளங்கள் செங்குத்தாக வெட்டிக்கொள்ளும் அந்த ஒரு புள்ளிதான் காரணம். முதலில் ரயில், பிறகு ஊர் என்ற இந்த வரிசை நம் சொல்லில் தெரிய வேண்டும் என்பதுதான் என் கவலை.

> இலங்கையில் நாங்கள் புகையிரதம் என்போம், இப்போது தொடருந்து. "தொடருந்து நகர்" சரிவராதா?

தொடருந்து எனக்கும் பிடித்த சொல். ஆனால் அதிலும் இந்த வரிசை வரவில்லையே. தவிர, நகர் என்றதும் ஊர் பெரிதாகிவிடுகிறது. காரிந்தின் மக்கள்தொகை இன்றைக்கும் பதினைந்தாயிரத்தைத் தொடவில்லை.

என் முன்மொழிவு: ரயிலடியூர்.

தஞ்சாவூர்ப் பக்கம் ஸ்டேஷனையும் அதை ஒட்டிய கடைத்தெருவையும் ரயிலடி என்போம். "ரயிலடி வரைக்கும் போய்ட்டு வந்துடறேன்" என்று கேட்டு வளர்ந்தவன் நான். கிணற்றடி, கோயிலடி, ஆலமரத்தடி எல்லாவற்றிலும் இதே அடிதான். ஒன்றை அண்டி மனிதர்கள் வந்து கூடுகிற இடத்துக்கு நம்மிடம் ஏற்கெனவே ஒரு சொல்லுறுப்பு இருக்கிறது. அதை விட்டுவிட்டு வடிவமே புதிதாக எதற்கு?

> "அடி" வெறும் அருகாமையைத்தான் காட்டும். தோற்றத்தைக் காட்டாது.

நியாயமான கேள்வி அம்மா. ஆனால் கிணற்றடி என்கிறோம், கிணறு வந்த பிறகுதானே கிணற்றடி? எது முதலில் என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. "ரயிலீன்ற ஊர்" என்று நீங்கள் சொன்னது அழகுதான், ஆனால் அது கவிதைக்கு ஆகும். கட்டுரையில் நாற்பது இடத்தில் திரும்பத் திரும்ப வரும்போது தாங்காது.

ரயிலடியூர்களுக்குள்ளும் வகை பிரிக்க வேண்டியிருக்கிறது. அதே மாநிலத்தின் தெற்கே இருக்கும் மெக்கோம், ரயில் கம்பெனித் தலைவர் ஹென்றி மெக்கோம் தன் பணிமனைகளை நியூ ஆர்லியன்ஸின் சாராயக் கடைகளிலிருந்து தள்ளிவைக்க வேண்டும் என்று 1872-இல் உண்டாக்கிய ஊர். அதைப் பணிமனையூர் எனலாம். காரிந்த் சந்திப்பூர். ஜங்ஷனுக்குச் சந்திப்பு என்பது நம் ஸ்டேஷன் பலகைகளில் நிலைத்துவிட்ட சொல், இதில் சிக்கல் இல்லை.

இந்தச் சந்திப்பு எவ்வளவு பெரிய விஷயமாக இருந்தது என்பதற்கு ஒரு ராத்திரியைச் சொல்கிறேன். அடிமை முறையைக் காக்கப் பிரிந்துபோன தெற்கு மாநிலங்களோடு வடக்கு மாநிலங்கள் மோதிய அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1862 மே மாதம், வடக்குப் படை காரிந்தை முற்றுகையிட்டது. உள்ளே தெற்குப் படைத் தளபதி போரகார்ட். எதிரிப் படையோ பெரியது, ஊருக்குள் நோயும் தண்ணீர்ப் பஞ்சமும். ஊரைக் காலி செய்ய முடிவெடுத்தார். மே 29 ராத்திரி ஒவ்வொரு வெற்று ரயில் உள்ளே வரும்போதும் எஞ்சின்கள் ஊளையிட்டன, சிப்பாய்கள் ஓவென்று ஆர்ப்பரித்தார்கள். வெளியே காத்திருந்தவர்கள் புதுப் படை வந்து இறங்குகிறது என்று நினைத்துக்கொண்டார்கள். உண்மையில் அதே ரயில்களில் நோயாளிகளும் தளவாடங்களும் வெளியேறிக்கொண்டிருந்தன. விடிந்து பார்த்தால் ஊர் காலி. ரயில் சத்தத்தை வைத்தே ஒரு படை தப்பித்த ஊர் அது.

அடுத்து, நான் கேட்ட இரண்டாவது சொல்லுக்கு வருகிறேன். இதில் எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு.

> "கான்ட்ராபேண்டு கேம்ப்" - கடத்தல் பொருள் முகாம்.

தயவுசெய்து வேண்டாம். அந்த முகாமில் இருந்தவை பொருள்கள் அல்ல, மனிதர்கள். பண்ணைகளிலிருந்து தப்பி வந்த கறுப்பின அடிமைகளைத் திருப்பி அனுப்பாமல் இருக்க, "எதிரியின் கைப்பற்றப்பட்ட உடைமை" என்று வடக்குப் படை 1861-இல் கண்டுபிடித்த சட்டச் சூழ்ச்சி அந்தச் சொல். காரிந்த் வடக்கின் கைக்கு வந்ததும் அங்கே அப்படி ஒரு முகாம் உருவானது. உச்சத்தில் 6,000 பேர் வரை இருந்தார்கள். வீடுகள், தேவாலயம், பள்ளி, மருத்துவமனை எல்லாம் எழும்பின. அதுவரை எழுத்து கற்கத் தடை இருந்தவர்கள் எழுதப் படிக்கக் கற்றார்கள். ஏறத்தாழ 2,000 ஆண்கள் படையில் சேர்ந்தார்கள். 1863 டிசம்பரில் படை இடம் மாறியபோது அவர்களையும் மெம்ஃபிஸுக்குக் கொண்டுபோனார்கள், அத்துடன் முகாம் முடிந்தது.

தெற்கின் ரயில் பாதைகளில் பெரும்பகுதியை வெட்டிப் போட்டதே அடிமைகளின் உழைப்புதான். பண்ணையாரிடம் வாடகைக்கு எடுத்து வேலை வாங்கினார்கள். அந்தப் பாதையைப் பிடித்துக்கொண்டே அவர்கள் விடுதலைக்கு நடந்து வந்த இடத்தைக் "கடத்தல் பொருள்" என்று தமிழில் எழுத எனக்குக் கை வரவில்லை. விடுதலை முகாம் என்று எழுதி, பழைய ராணுவப் பெயரை முதல் தடவை வரும் இடத்தில் மட்டும் விளக்கிவிடலாம் என்பது என் கட்சி. வரலாற்றுச் சொல்லை மாற்றலாமா என்று கேட்பீர்கள். நான் மாற்றவில்லை, விளக்குகிறேன்.

மாற்றுக் கருத்து இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். அதன் பிறகு ரயிலடியூர், சந்திப்பூர், பணிமனையூர், விடுதலை முகாம் நான்கையும் கட்டுரையில் ஏற்றிவிடுகிறேன்.

இன்னும் ஒரு சொல் பாக்கி. காரிந்துக்குத் தெற்கே ஜசின்டோ என்று ஓர் ஊர். ஒரு காலத்தில் அந்த மாவட்டத்துக்கே தலைநகர். 1854-இல் கட்டிய செங்கல் நீதிமன்றம் இன்றும் நிற்கிறது, சுற்றி ஊர்தான் இல்லை. 1870-இல் மாவட்டத்தைப் பிரித்தபோது தலைநகர்ப் பதவி ரயில் இருந்த காரிந்துக்குப் போய்விட்டது. ரயில் வராததால் தேய்ந்துபோன இப்படிப்பட்ட ஊர்களை என்ன சொல்வது? "ரயில் தப்பிய ஊர்" என்று எழுதிப் பார்த்தேன். தப்பிய என்றால் பிழைத்தது என்றும் படிக்கலாம் என்பதால் அடித்துவிட்டேன். உங்களுக்கு ஏதாவது தோன்றுகிறதா?