ஸ்டென்ட் வைத்த தந்தைக்குப் பல் எடுக்க வேண்டும்: ஏற்காட்டிலிருந்து வந்து சேலத்தில் எங்கே காட்டுவது?

மலைத்தோட்டம் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீடு ஏற்காட்டை அடுத்த நாகலூர்ப் பக்கம் இருக்கிறது. என் தந்தைக்கு வயது 64. சர்க்கரை நோய்க்கு நெடுநாளாக மாத்திரை சாப்பிடுகிறார். சென்ற ஆண்டு இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்ததிலிருந்து, இரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் சேர்ந்த மாத்திரையையும் நாள்தோறும் எடுத்துக்கொள்கிறார். கீழ்த்தாடையின் வலப்பக்கத்தில் ஒரு கடைவாய்ப் பல் சொத்தையாகிப் பாதி உடைந்துவிட்டது. வலி வந்தால் மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வதும், வீக்கம் வடிந்ததும் அதைப் பற்றிப் பேசாமல் விட்டுவிடுவதுமாக மழைக்காலம் முழுவதும் ஓடிவிட்டது.

கீழே சேலத்தில் இரண்டு மருத்துவர்களிடம் காட்டினோம். ஒருவர் எக்ஸ்ரே எதுவும் எடுக்காமலே, இதயத்துக்கான மாத்திரையை ஐந்து நாள் நிறுத்திவிட்டு வந்தால் பல்லைப் பிடுங்கிவிடலாம் என்றார். மற்றொருவர், பிடுங்கத் தேவையில்லை, வேர் சிகிச்சை (ரூட் கெனால்) செய்து கேப் (உறை) போட்டுக்கொள்ளலாம் என்றார். யார் சொல்வதைக் கேட்பது என்று எங்களுக்குத் தெரியவில்லை. பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை மங்கிவிடும் என்று உறவினர் ஒருவர் சொல்லிவிட்டதால், அப்பா இப்போது நாற்காலியில் உட்காரவே தயங்குகிறார். காப்பிப் பழம் பறிப்பு தொடங்கிவிட்டால் அவர் தோட்டத்தை விட்டு நகர மாட்டார் என்பதால் அதற்குள் இதை முடித்துவிட விரும்புகிறோம். தனியார் மருத்துவமனை, பல் மருத்துவக் கல்லூரி, அரசு மருத்துவமனை ஆகியவற்றில் எதை நாடுவது நல்லது? பல்லை எடுத்த அன்றே பேருந்தில் மலையேறி வீடு திரும்பலாமா?

பல் மருத்துவர், சேலம் (மறுமொழி)

வணக்கம் அம்மா. மாத்திரையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் நீங்கள் எழுதியவற்றுள் எனக்கு மிகுந்த கவலை தருவது அதுதான். ஸ்டென்ட் வைத்தவர் இந்த மாத்திரையைத் தாமாக நிறுத்தவே கூடாது. பல் மருத்துவர் சொன்னார் என்பதற்காகவும் நிறுத்தக் கூடாது. ஸ்டென்ட்டுக்குள் இரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டால் அது உயிருக்கே ஆபத்தாக முடியும். பல் எடுத்த குழியில் கசியும் இரத்தத்தையோ பஞ்சை அழுத்திக் கடிக்கச் செய்தும், குழிக்குள் இரத்தத்தை உறையவைக்கும் பொருளை வைத்தும், தையல் போட்டும் எங்களால் நிறுத்திவிட முடியும். ஒன்றிரண்டு பற்களை எடுப்பதற்கு இம்மாத்திரைகளை நிறுத்துவதில்லை என்பதே இன்றைய நடைமுறை. மாற்றம் ஏதும் தேவை என்றால் அதைத் தீர்மானிக்க வேண்டியவர் உங்கள் இதய மருத்துவர். அவரிடம் ஒரு கடிதம் வாங்கி, மாத்திரைச் சீட்டுடன் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, பிடுங்குவதா காப்பாற்றுவதா என்பது. அந்தப் பல்லை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்காமல் யாரும் இதற்கு உறுதியான விடை சொல்ல இயலாது. ஈறுக்கு மேலே கேப்பைத் தாங்கும் அளவுக்குப் பல் மிஞ்சியிருக்கிறதா, வேர் பிளந்திருக்கிறதா, வேரைச் சுற்றியுள்ள எலும்பு கரைந்து பல் ஆடுகிறதா என்ற மூன்றையும் பார்த்த பிறகே முடிவு சொல்ல வேண்டும். பல் மிஞ்சியிருந்து, எலும்பும் உறுதியாக இருந்தால், இதயமும் சர்க்கரையும் உள்ள ஒருவருக்கு வேர் சிகிச்சை மிக நல்ல வழி, ஏனெனில் அதில் இரத்தப்போக்கு மிகக் குறைவு. வேர் பிளந்திருந்தால் எவ்வளவு செலவு செய்தாலும் அந்தப் பல் நிற்காது, எடுத்துவிடுவதுதான் சரி. உங்களுக்குக் கிடைத்த இரண்டு கருத்துகளில், எந்த மருத்துவர் படத்தைக் காட்டிக் காரணம் சொல்கிறாரோ அவர் பக்கம் சாயுங்கள்.

பல் எடுப்பதென்று முடிவானால் காலை நேரத்தில் வரச் சொல்லிக் கேளுங்கள். மரத்துப்போகும் ஊசி மட்டும் போட்டுப் பல் எடுப்பதற்குப் பட்டினி கிடக்க வேண்டியதில்லை; சர்க்கரை உள்ளவர் வெறும் வயிற்றில் வருவதால் சர்க்கரை தாழ்ந்து மயங்கிவிடும் ஆபத்து உண்டு. வழக்கம்போல் சாப்பிட்டு, மாத்திரைகளையும் எடுத்துக்கொண்டு வரட்டும். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி பரிசோதனையை முன்கூட்டியே செய்துகொண்டால், புண் ஆறுவது எப்படி இருக்கும் என்று மருத்துவரால் ஓரளவு கணிக்க முடியும். எலும்புத் தேய்மானத்துக்கென்று அலென்ட்ரோனேட் மாத்திரையோ சோலெட்ரோனிக் அமில ஊசியோ எப்போதாவது எடுத்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அவற்றை எடுத்தவர்களுக்குப் பல் எடுத்த இடத்தில் தாடை எலும்பு ஆறாமல் போகக்கூடும். வலிக்குப் பாராசிட்டமால் போதும். டைக்ளோஃபினாக், இபுபுரூஃபன் போன்றவை அவர் சாப்பிடும் மாத்திரைகளுடன் சேர்ந்தால் இரத்தப்போக்கை மிகுதியாக்கும். ஆதலால் கடைக்காரர் கொடுப்பதை அப்படியே வாங்கிப் போடும் வழக்கத்தை இத்துடன் விட்டுவிடுங்கள்.

கன்னங்குறிச்சி (மறுமொழி)

எங்கே காட்டுவது என்ற கேள்விக்கு நான் பார்த்துப் பழகியதைச் சொல்கிறேன். சங்ககிரி செல்லும் சாலையில் அரியானூரில் விநாயகா மிஷன்ஸ் சங்கராச்சாரியார் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இத்தகைய கல்லூரிகளில் எக்ஸ்ரே முதல் வாய், தாடை அறுவை சிகிச்சைத் துறை வரை எல்லாம் ஒரே வளாகத்தில் இருப்பதும், மாணவர்களின் வேலையைப் பேராசிரியர்கள் மேற்பார்வையிடுவதும் நல்ல வசதி. ஆனால் காத்திருக்கும் நேரம் கூடும், ஒருமுறைக்கு மேல் வரச் சொல்லவும் கூடும். நகருக்குள் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் பல் மருத்துவப் பிரிவு உண்டு. உங்கள் தந்தையைப் போல இதய நோயும் சர்க்கரையும் உள்ளவருக்கு, பொது மருத்துவரும் இதய மருத்துவரும் அதே கூரையின் கீழ் இருப்பது பெரிய துணை என்பதால், நான் அவருடைய இடத்தில் இருந்தால் அங்கேதான் முதலில் செல்வேன்.

தனியார் மருத்துவரிடம்தான் செல்வதென்றால், பெயர்ப் பலகையில் பி.டி.எஸ். அல்லது எம்.டி.எஸ். பட்டமும் மாநிலப் பல் மருத்துவ மன்றத்தின் பதிவு எண்ணும் இருக்கின்றனவா என்று பாருங்கள். பதிவு செய்யாதவர் பல் மருத்துவம் செய்வதைச் சட்டம் அனுமதிப்பதில்லை. பதிவு எண்ணைக் கேட்பதை யாரும் அவமதிப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அது நோயாளியின் உரிமை.

சேர்வராயன் அடிவாரம் (மறுமொழி)

பயணத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அன்றே மலையேற வேண்டாம். ஊசியின் மரப்பு இரண்டு மூன்று மணி நேரத்தில் விலகும்போதுதான் வலி தெரியத் தொடங்கும். இரத்தக் கசிவு மீண்டும் தொடங்கினாலும் பெரும்பாலும் முதல் நாளிலேயே தொடங்கும். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்து திரும்பும்போது குமட்டி வாந்தி வந்துவிட்டால், குழியில் உறைந்த இரத்தம் பெயர்ந்துவிடும். இரவில் கசிவு நிற்காவிட்டால் நாகலூரிலிருந்து மீண்டும் கீழே இறங்க எத்தனை சிரமம் என்பது உங்களுக்கே தெரியும். என் துணைவிக்குக் கடைவாய்ப் பல்லை எடுத்தபோது அஸ்தம்பட்டியில் உறவினர் வீட்டில் ஓர் இரவு தங்கி, மறுநாள் மருத்துவர் குழியைப் பார்த்த பிறகே ஊர் திரும்பினோம். அந்த ஓர் இரவு எங்களுக்குக் கொடுத்த நிம்மதியைச் சொல்லி முடியாது.

மலைத்தோட்டம்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. மாத்திரையை நிறுத்தப் போவதில்லை என்று அப்பாவிடம் சொல்லிவிட்டோம். திங்கட்கிழமை அரசு மருத்துவமனைக்குச் சென்று எக்ஸ்ரே எடுக்கப் போகிறோம். கண் பார்வை பற்றிய அவருடைய அச்சத்துக்கு என்ன சொல்வது? வெற்றிலையும் புகையிலையும் போடும் வழக்கம் அவருக்கு உண்டு என்பதையும் சொல்ல வேண்டும்.

பல் மருத்துவர், சேலம்

பல்லுக்கு உணர்ச்சி தரும் நரம்பு வேறு, கண்ணுக்குப் பார்வை தரும் நரம்பு வேறு. பற்களின் நரம்பு முகத்துக்குத் தொடு உணர்வு தரும் முக்கிளை நரம்பிலிருந்து பிரிந்து வருகிறது. பார்வை நரம்போ விழியின் பின்புறத்திலிருந்து நேராக மூளைக்குச் செல்கிறது. பல் எடுப்பதால் பார்வை மங்குவதில்லை. வயதான காலத்தில், குறிப்பாகச் சர்க்கரை உள்ளவர்களுக்கு, இரண்டும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் பழுதாவதால்தான் இந்த நம்பிக்கை வேரூன்றியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம். அவர் சர்க்கரை நோயாளி என்பதால் ஆண்டுக்கு ஒருமுறை விழித்திரைப் பரிசோதனை செய்துகொள்வது எப்படியும் தேவை; அதையும் இந்தப் பயணத்திலேயே முடித்துவிடுங்கள்.

புகையிலையைத்தான் நான் வற்புறுத்திச் சொல்ல வேண்டும். பல் எடுத்த பின் குழியில் உறையும் இரத்தம்தான் எலும்பை மூடிக் காக்கிறது. அது பெயர்ந்துவிட்டால் இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் காதுவரை பரவும் கடும் வலி தொடங்கும். புகையிலையும், அடிக்கடி துப்புவதும், உறிஞ்சிக் குடிப்பதும் அதற்கு வழி செய்பவை. முதல் 24 மணி நேரத்துக்கு வாய் கொப்பளிக்கவே வேண்டாம். அதன்பின் வெதுவெதுப்பான உப்பு நீரை வாயில் மெதுவாக அசைத்து வழியவிட்டால் போதும். குறைந்தது ஒரு வாரமாவது வெற்றிலைப் பையை அவர் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

இன்னொன்று: திங்கட்கிழமைக்குள் தாடைக்குக் கீழே கழுத்துவரை வீக்கம் பரவினாலோ, வாயைத் திறக்கவோ விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமப்பட்டாலோ, விடியட்டும் என்று காத்திராமல் அன்றிரவே வண்டி பிடித்துச் சேலத்துக்கு இறங்கிவிடுங்கள், 108க்கு அழைத்தாலும் சரி.