கிளிநொச்சி என்று தேடினால் கிளிநொச்சி வராது

திறந்த மூலத் திட்டங்களில் (யாரும் பார்த்துத் திருத்தக்கூடிய மென்பொருள்களில்) கை வைத்துப் பார்த்த வன்னி ஆட்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். நான் தொடங்குகிறேன். கொஞ்சம் நீளம், பிளேன்ரீ ஒன்றை வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

கிளிநொச்சியிலிருந்து

எங்கள் வாசிகசாலைப் புத்தகங்களைக் கணினியில் பதியும் வேலை என் தலையில் விழுந்தது. காசு கொடுத்து மென்பொருள் வாங்க வழியில்லை. திறந்த மூல நூலக மென்பொருள் ஒன்றைப் போட்டோம். பெயர் வேண்டாம், நல்ல மனிதர்கள். பதிந்து முடிந்தபிறகு ‘கிளிநொச்சி’ என்று தேடினால் பாதிப் புத்தகம்தான் வருகிறது. ‘கொக்கிளாய்’, ‘கொக்குத்தொடுவாய்’ எல்லாம் அதே கதை. ‘பரந்தன்’, ‘மாங்குளம்’ ஒழுங்காக வருகின்றன.

ஊர்ப் பெயர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. ஒகரக் குறி வரும் பெயர்களில் மட்டும்தான் சிக்கல். எழுத்துகளுக்குக் கணினிகள் பாவிக்கும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில் ‘நொ’வை இரண்டு விதமாக அடிக்கலாம். ‘ந’வுக்குப் பின்னால் ஒகரத்துக்கென்றே இருக்கும் ஒரே குறியை வைக்கலாம். அல்லது கொம்பையும் காலையும் தனித்தனிக் குறிகளாக அடுத்தடுத்து வைக்கலாம். திரையில் இரண்டும் அச்சொட்டாக ஒன்றுதான். பைத்தன் என்ற நிரல்மொழியில் ‘கிளிநொச்சி’யின் நீளத்தைக் கேட்டால் ஒன்றுக்கு 10 என்கிறது, மற்றதற்கு 11 என்கிறது. எங்கள் பிள்ளைகள் ஆளுக்கொரு விசைப்பலகையில் பதிந்திருந்தார்கள், பழைய எழுத்துருக் கோப்புகளிலிருந்து மாற்றி எடுத்தவையும் கலந்திருந்தன. கணினிக்கு அவை இரண்டு வேறு ஊர்கள். இதற்கு மருந்து யூனிகோடிலேயே இருக்கிறது. என்.எஃப்.சி என்ற ஒழுங்குபடுத்தும் முறை, பிரிந்து கிடக்கும் கொம்பையும் காலையும் ஒன்றாக்கிவிடும். அந்த மென்பொருளில் அதை யாரும் கூப்பிடவில்லை, அவ்வளவுதான்.

திருத்தத்தை எழுத அதிக நேரம் போகவில்லை, அதைச் சேர்ப்பிக்கத்தான் போனது. பங்களிப்போருக்கான கோப்பைத் திறந்தால் வரிசையாக விதிகள். கோட் (நிரல்) அனுப்ப முதல் இஷ்யூ ஒன்று, அதாவது சிக்கலைச் சொல்லும் பதிவு ஒன்று, திற. என்ன செய்தாய், என்ன வரும் என்று நினைத்தாய், என்ன வந்தது, எந்தப் பதிப்பு என்று எழுது. கொமிட்டோடு, அதாவது பதிந்து வைக்கும் ஒவ்வொரு மாற்றத்தோடும், எழுதும் செய்தியின் முதல் வரி சுருக்கமாக இருக்கட்டும். திருத்தத்தோடு, அது வேலை செய்கிறதா என்று சோதிக்கும் டெஸ்ட் வேண்டும். கந்தோர்களில் படிவம் நிரப்பி நிரப்பிப் பழகியவனுக்கு இதெல்லாம் ஒரு பாரமா?

திட்டத்தைப் பராமரிக்கும் மெயின்டெயினருக்குத் தமிழ் ஒரு எழுத்தும் தெரியாது. “இரண்டும் ஒரே மாதிரித்தானே இருக்கின்றன, ஏன் வேறு என்கிறீர்கள்?” என்று கேட்டார். இந்த ‘ஏன்’தான் நான் சொல்ல வந்த விஷயம். நாங்கள் படித்த வகுப்பறைகளில் ஆசிரியர் ‘ஏன்’ என்று கேட்டால் பிழை விட்டிருக்கிறாய், கையை நீட்டு என்று அர்த்தம். என்னோடு பதிவு வேலை செய்த தம்பி அந்தக் கேள்வியைப் பார்த்ததும், “அண்ணா, அவர் கோவிச்சிட்டார், மூடிவிடுவம்” என்றான். அவர் கோபிக்கவேயில்லை. விளங்கவில்லை, கேட்டார். எழுத்துக்கு எழுத்து குறியெண்களை எழுதிப் போட்டேன். பிரெஞ்சு எழுத்துகளிலும் இதே சிக்கல் வருமே என்று அவரே பதில் எழுதினார். அதன்பிறகு என்னைவிட அவருக்குத்தான் உற்சாகம்.

அடுத்து, வரும் கோட்டைச் சரிபார்க்கும் ரிவியூவர் ஒருவர் வந்தார். ‘கௌ’வைச் சிலர் ‘கெ’யும் ‘ள’வுமாக அடிக்கிறார்கள் என்று எங்கோ வாசித்தாராம், அதையும் சேர்த்துத் திருத்தச் சொன்னார். கேட்டதில் நியாயம் இருக்கிறது, ‘கௌரி’யை ‘கெளரி’ என்று அடித்த பதிவுகள் எங்களிடமே இருந்தன. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு மாற்றினால் கெளுத்தி மீனின் கதி என்ன? அதிலுள்ள ‘ள’ உண்மையான ‘ள’. கௌகாரமாக மாற்றினால், பின்னால் வரும் உகரக் குறி ஒட்ட இடமில்லாமல் அந்தரத்தில் நிற்கும். இதை அப்படியே விளக்கி, எங்கள் குளங்களில் பிடிபடும் மீன் என்று ஒரு வரியும் சேர்த்து எழுதினேன். அவர் தன் கோரிக்கையைத் திரும்பப் பெற்றார். கெளுத்தி இப்போது அந்த மென்பொருளின் டெஸ்ட் கோப்பில் ஒரு வரி.

ஒரு இடத்தில் எனக்கு விட்டுக்கொடுக்க வேண்டி வந்தது. சேமித்த பதிவுகளையும் சேர்த்துச் சுத்தம் செய்வோம் என்றேன். வேண்டாம், தேடலுக்கான அட்டவணையில் மட்டும் ஒழுங்குபடுத்து, பதிந்தவர் எழுதியதை மென்பொருள் தொடக்கூடாது என்றார்கள். எனக்கு இன்னும் அதில் முழு உடன்பாடு இல்லை. ஆனால் அது அவர்கள் வீடு, காரணத்தைச் சொன்னார்கள், என் மறுப்பும் அங்கேயே பதிவில் இருக்கிறது.

பொடியளிடம் நான் காணும் இன்னொரு பழக்கம், எல்லாவற்றையும் உள்பெட்டியில் கேட்பது. “சேர், மன்னிக்கவும், ஒரு சின்ன சந்தேகம்” என்று மெயின்டெயினருக்குத் தனியாக மெசேஜ் போடுவார்கள். நாலு பேர் முன்னால் கேட்டால் மானம் போய்விடும் என்ற பயம். பல திட்டங்களின் விதியிலேயே கேள்விகளைப் பொதுவில் கேளுங்கள் என்று இருக்கும். தனியாகக் கேட்டதற்குப் பதில் வந்தாலும் அடுத்தவருக்கு அது கிடைக்காது. ‘சேர்’ தேவையில்லை என்று அவர்களே சொல்லுவார்கள், பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் போதும். வயதில் மூத்தவரைப் பெயர் சொல்ல எனக்கு இன்னும் நா எழும்புவதில்லை என்பது வேறு கதை.

வவுனியாவிலிருந்து

அண்ணை சொன்ன ‘ஏன்’ கதையின் மறுபக்கத்தில் இருப்பவன் நான். பஸ் நேரசூசிகளைக் கையாளும் சின்ன ரிப்போ (ஒரு திட்டத்தின் கோப்புகள் எல்லாம் இருக்கும் களஞ்சியம்) ஒன்றைப் பராமரிக்கிறேன். அதில் அந்தக் கேள்வியைக் கேட்பதே நான்தான்.

ஹக்டோபர்ஃபெஸ்ட் தெரியும்தானே? டிஜிட்டல்ஓஷன் நிறுவனம் 2014இல் தொடங்கியது. ஒக்டோபர் மாதத்தில் குறிப்பிட்ட எண்ணிக்கையில் புல் ரிக்குவெஸ்ட், அதாவது ‘என் மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்’ என்ற கோரிக்கை, அனுப்பினால் ரீசேட் கிடைக்கும். 2020இல் அது அளவு மீறிப்போனது. திட்டத்தின் அறிமுகக் கோப்பான ரீட்மீயில் ‘அருமையான திட்டம்’ என்று ஒரு சொல் சேர்த்து அனுப்புகிறவர்கள் ரிப்போ ரிப்போவாக ஏறி இறங்கினார்கள். மெயின்டெயினர்கள் போட்ட சத்தத்தில், சம்மதம் தெரிவித்த ரிப்போக்கள் மட்டும்தான் கணக்கில் சேரும் என்று அந்த மாதம் முடிய முன்னமே விதியை மாற்றினார்கள். 2023இல் ரீசேட்டையே நிறுத்தினார்கள். எங்கள் பக்கத்துக் கம்பஸ் பிள்ளைகளுக்கு முதல் அறிமுகமே இந்த ரீசேட் வழியாகத்தான் கிடைத்தது. அதில் கெட்டதும் உண்டு, நல்லதும் உண்டு. அப்படி வந்து தங்கிவிட்ட ஒருத்தர் இன்று என்னைவிட நன்றாக ரிவியூ செய்கிறார்.

இப்போதைய தலையிடி வேறு. செயற்கை நுண்ணறிவு எழுதிக் கொடுத்ததை அப்படியே அனுப்புகிறார்கள். பார்க்க அழகாக இருக்கும், தலையங்கம், புள்ளிக்குறி எல்லாம் ஒழுங்கு. “இந்த வரி எதற்கு?” என்று கேட்டால் அதற்கும் இயந்திரம்தான் பதில் எழுதுகிறது. ஜென்டூ லினக்ஸ் என்ற இயங்குதளத் திட்டம் 2024 ஏப்ரலில் இப்படியான பங்களிப்பையே ஏற்பதில்லை என்று முடிவெடுத்தது. அடுத்த மாதம் நெட்பிஎஸ்டி என்ற இன்னொரு இயங்குதளத் திட்டமும் கடுமையான விதி போட்டது. நான் தடை போடவில்லை. அனுப்புகிறவர் ஒரு ‘ஏன்’னுக்குச் சொந்தமாகப் பதில் சொன்னால் எனக்குப் போதும், எதைக் கொண்டு எழுதினார் என்று பார்க்க மாட்டேன். சொல்ல முடியாவிட்டால் நன்றி சொல்லி மூடிவிடுவேன். என் நேரமும் போன் டேட்டாவில்தான் ஓடுகிறது.

புதுக்குடியிருப்பிலிருந்து

டேட்டா பற்றிச் சொன்னதால் ஒரு சின்னக் குறிப்பு. பெரிய ரிப்போவை முழு வரலாற்றோடு இறக்கினால் கார்ட் போட்ட டேட்டா ஒரே மூச்சில் தீர்ந்துவிடும். மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் என்ற கருவியில் குளோன் செய்யும்போது, அதாவது ரிப்போவைப் பிரதி எடுக்கும்போது, டெப்த் 1 என்று கொடுங்கள். கடைசி நிலை மட்டும் இறங்கும், ஒரு சின்னத் திருத்தத்துக்கு அது தாராளம். பழைய கொமிட்டைத் தேடும் வேலை வந்தால் பிறகு மிச்சத்தை இறக்கலாம்.

அதோடு, ‘ஸ்டேல்’ என்று ஒரு பொட், அதாவது தானாக ஓடும் நிரல், வந்து உங்கள் புல் ரிக்குவெஸ்டை மூடினால் மனம் உடையாதீர்கள். கொஞ்ச நாள் யாரும் எதுவும் எழுதாவிட்டால் அது தானாக மூடும், மனிதர் யாரும் உங்களை மறுக்கவில்லை. எனக்குப் பரீட்சைக் காலத்தில் அப்படி நடந்தது. பரீட்சை முடிந்து, இப்போது தொடரலாம் என்று ஒரு வரி எழுதினேன், திறந்து விட்டார்கள்.

மாங்குளத்திலிருந்து

நடத்தை விதிகள் பற்றி யாரும் எழுதவில்லை, நான் எழுதுகிறேன். பங்களிப்பு விதி வேறு, நடத்தை விதி வேறு. முதலாவது கோட் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும். இரண்டாவது ஆட்கள் ஒருவரோடொருவர் எப்படிக் கதைக்க வேண்டும் என்று சொல்லும்.

நான் ஒரு திட்டத்தில் ஆவணங்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். ஒருத்தர் என் ஆங்கிலத்தைக் கிண்டலடித்து, சமையல் குறிப்பு எழுதப் போனால் நல்லது என்கிற மாதிரி ஒரு கருத்துப் போட்டார். திட்டத்தின் ஆளும் இல்லை அவர், வழியில் வந்தவர். வீட்டில் அண்ணாவிடம் காட்டினேன். “விடு தங்கச்சி, அவங்களோட ஏன் கொழுவுறாய்” என்றார். எங்கள் ஊரில் பெண் பிள்ளைகளுக்குச் சொல்லப்படும் முதல் ஆலோசனையும் கடைசி ஆலோசனையும் அதுதானே.

நான் கொழுவவில்லை. அந்தக் கருத்துக்குக் கீழே ஒரு சொல்லும் எழுதவில்லை. நடத்தை விதிக் கோப்பின் அடியில் ஒரு மின்னஞ்சல் முகவரி இருக்கும், அதற்கு இணைப்பையும் ஸ்கிரீன்ஷொட்டையும் அனுப்பினேன். கிடைத்தது, பார்க்கிறோம் என்று பதில் வந்தது. பிறகு ஒரு கேள்வி: நீங்கள் என்ன நடக்க வேண்டும் என்று விரும்புகிறீர்கள்? இப்படி என்னிடம் யாரும் கேட்டதில்லை. கருத்து மறைக்கப்பட வேண்டும், என் பெயர் வெளியே வரக்கூடாது என்றேன். இரண்டும் நடந்தன. அவருக்கு எச்சரிக்கை போனது.

பல திட்டங்கள் பாவிப்பது கொன்ரிபியூட்டர் கவனன்ட் என்ற மாதிரி விதியை. மென்பொருள் உருவாக்குநர் கொரலைன் அடா எம்கே 2014இல் எழுதியது. அதன் இரண்டாம் பதிப்பில் நடவடிக்கைகள் படிப்படியாக இருக்கின்றன: முதலில் திருத்தம், அடுத்து எச்சரிக்கை, பிறகு தற்காலிகத் தடை, கடைசியில் நிரந்தரத் தடை. முறைப்பாடு கொடுத்தால் ஆளைத் தூக்கி வெளியே எறிந்துவிடுவார்கள், பாவம் என்று நினைத்துப் பேசாமல் இருப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன். முதல் படியிலேயே முடியக்கூடிய விஷயத்தை அங்கேயே முடிக்கத்தான் அந்தப் படிகள்.

‘கோட் நன்றாக இருந்தால் போதாதா, மரியாதை எதற்கு’ என்று கேட்பவர்கள் உண்டு. லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கேர்னலை எழுதுபவர்கள் வட்டாரத்தில் அந்தக் கேள்வி நெடுங்காலம் ஓடியது. 2018 செப்டெம்பரில் லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் தன் கடுமையான மின்னஞ்சல்களுக்காக மன்னிப்புக் கேட்டு, சிறிது காலம் ஒதுங்கி இருந்தார். அதே நாட்களில் கேர்னலும் இந்தக் கவனன்டை ஒட்டிய நடத்தை விதியை ஏற்றது. அவருக்கே விதி தேவைப்பட்டது என்றால் வழிப்போக்கருக்கு ஏன் தேவையில்லை?

கிளிநொச்சி அண்ணையோடு ஒரு இடத்தில் முரண்படுகிறேன். எல்லாவற்றையும் பொதுவில் கேள் என்பது கோட் சம்பந்தமான கேள்விகளுக்குச் சரி. இப்படியான விஷயத்துக்குத் தனி வழிதான் சரி, அதற்காகத்தான் அந்த முகவரியே இருக்கிறது.

நெடுங்கேணியிலிருந்து

அக்கா, அண்ணாமார், ஒரு கேள்வி. நான் அனுப்பப்போகும் திட்டத்தில் ஒவ்வொரு கொமிட்டிலும் ‘சைன்ட் ஒஃப் பை’ என்று பெயரும் மின்னஞ்சலும் போட வேண்டுமாம். எனக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை, அப்பாவின் பெயரின் முதலெழுத்துதான். இணையத்தில் முழுப் பெயர் போடவும் வீட்டில் விருப்பமில்லை. என்ன செய்வது?

கிளிநொச்சியிலிருந்து

தங்கச்சி, மாங்குளத்து அக்கா சொன்னது சரி, மறுப்பில்லை. உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

அந்த வரி 2004இல் லினக்ஸ் கேர்னலில் வந்தது. அதற்கு முதல் ஆண்டு லினக்ஸில் தன் கோட் இருக்கிறது என்று எஸ்.சி.ஓ நிறுவனம் ஐ.பி.எம் மீது வழக்குப் போட்டிருந்தது. எந்த வரி யாரிடமிருந்து வந்தது, அதைக் கொடுக்க அவருக்கு உரிமை இருந்ததா என்று காட்டத்தான் அந்த ஏற்பாடு. முதற்பெயர், கடைப்பெயர் என்று இரண்டு பெட்டிகளை நிரப்பும் படிவம் அது இல்லை. முதலெழுத்தோடு உங்கள் பெயரைப் போட்டால் கிட் மறுக்காது. முன்னர் கேர்னல் சொந்தப் பெயரையே கேட்டது. 2023இல் அதைத் தளர்த்தி, ஆட்களுக்குத் தெரிந்த ஒரு அடையாளம் இருந்தால் போதும், அநாமதேயம் மட்டும் கூடாது என்று மாற்றினார்கள். பல திட்டங்கள் இதே வழியில் போகின்றன, இருந்தாலும் நீங்கள் அனுப்பும் திட்டத்தின் கோப்பை ஒருமுறை வாசித்துவிடுங்கள்.

மின்னஞ்சலுக்கு, ரிப்போக்களை வைத்திருக்கும் தளமான கிட்ஹப்பின் அமைப்புகளில் உங்கள் சொந்த முகவரியை மறைத்து, அதற்குப் பதிலாக அவர்களே தரும் ‘நோ ரிப்ளை’ முகவரியைப் பாவிக்கும் வசதி இருக்கிறது. சில திட்டங்கள் சைன்ட் ஒஃப் வரியில் அதை ஏற்பதில்லை, அப்படியென்றால் இதற்கென்றே புது முகவரி ஒன்று திறந்துகொள்ளுங்கள். எதுவானாலும் முதல் கொமிட்டுக்கு முன்னமே கிட்டில் போட்டுவிடுங்கள். ஏற்கெனவே சேர்ந்துவிட்ட கொமிட்டில் முகவரியை மாற்றுவதென்றால் வரலாற்றையே திருப்பி எழுத வேண்டும், அதற்கு எந்த மெயின்டெயினரும் லேசில் சம்மதிக்க மாட்டார்.